7. ஓரிரு இடங்களில் உறைபனி

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையில் ஒரு வரி வந்து சேரும். நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானலிலும் ஓரிரு இடங்களில் இரவு நேரத்தில் உறைபனிக்கு வாய்ப்பு உண்டு என்கிற வரி. வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் தை முடியும்வரை அது திரும்பத் திரும்ப வரும். ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்புகிறவர் அதைப் படித்துவிட்டு இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து வைப்பார். இரண்டு ஏக்கர் தேயிலையும் அரை ஏக்கர் கேரட்டும் வைத்திருப்பவருக்கு அந்த ‘ஓரிரு’ என்ற சொல்லில்தான் தூக்கம் போகும்.

வானிலைத் துறை இந்தச் சொற்களை அளந்துதான் போடுகிறது. மழை அறிவிப்பில் ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியின் நிலையங்களில் கால் பங்குக்குள். ‘ஒருசில இடங்கள்’ என்றால் கால் பங்கிலிருந்து பாதிவரை. ‘பல இடங்கள்’ பாதியிலிருந்து முக்கால். அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. உறைபனி எப்போதும் முதல் வகையில்தான் வரும், ஏனென்றால் அதன் இயல்பே அப்படி. ஒரே தோட்டத்தில் மேல் வரிசை பச்சையாக நிற்கும், ஐம்பது அடி கீழே உள்ள வரிசை கருகிக் கிடக்கும். இந்த ஓரிரு இடங்களில் உங்கள் நிலமும் ஒன்றா என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்கவும் முடியும். இந்த அத்தியாயம் அதற்காக.

பனி மூன்று

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தமிழில் எல்லாமே பனிதான், அதனால் குழப்பமும் அதிகம். மேகம் தரையில் இறங்கி எதிரே வரும் வண்டியை மறைத்தால் அது மூடுபனி. ஐப்பசிக் கடைசியில் தொடங்கி இலை முழுக்க முத்து முத்தாக நிற்பது நீர்ப்பனி. அந்த ஈரம் வெள்ளை உப்பாக இறுகி, காலடியில் நொறுங்கினால் உறைபனி. மூடுபனி நல்ல போர்வை. அது இறங்கிய இரவில் செடி கருகுவது அபூர்வம். சாலையில் ஆபத்தானது மூடுபனி, நிலத்தில் ஆபத்தானது உறைபனி. இரண்டும் ஒரே இரவில் ஒரே இடத்தில் வருவதும் அரிது. செய்தியில் ‘கடும் பனி’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பனி என்று விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

‘வறண்ட வானிலை’ என்று வந்தால்

சமவெளிக்காரர் மழை வார்த்தைகளைத் தேடி அறிக்கையைப் படிப்பார். பனிக்காலத்தில் மலைக்காரர் மழை இல்லாத வார்த்தைகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

‘கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக’ என்று ஓர் அறிக்கை தொடங்கினால், வங்கக்கடலிலிருந்து ஈரக் காற்று வருகிறது, மேகம் இருக்கும், தூறல் இருக்கலாம். ‘வளிமண்டல கீழடுக்கு சுழற்சி’, ‘குமரிக்கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு’ இவையும் அந்தக் குடும்பம்தான். அப்படிப்பட்ட இரவுகளில் மேகம் மலைமேல் கூரையாக நிற்கும். பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் மேலே எழும்பும்போது அந்தக் கூரை அதை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்பும். குளிர் இருக்கும், விரல் விறைக்கும், ஆனால் செடி பிழைக்கும்.

‘தமிழகத்தில் வறண்ட வானிலை நிலவக்கூடும்’ என்று ஒரே வரியில் முடிந்துபோகும் அறிக்கைதான் நமக்கு அபாய மணி. மேகம் இல்லை. வடக்கிலிருந்து வரும் காற்றில் ஈரமும் இல்லை. மண்ணின் வெப்பம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்ச் சேரும். வடகிழக்குப் பருவமழை விலகியது என்று அறிவிக்கும் நாளை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன். பல ஆண்டுகளில் அது பொங்கலை ஒட்டி வரும். 2025இல் ஜனவரி 27வரை தள்ளிப் போயிற்று. அந்த அறிவிப்புக்குப் பின் வரும் முதல் பத்து இரவுகள்தான் பனிக்காலத்தின் நடு முதுகு.

கார்த்திகையிலும் மார்கழி முற்பாதியிலும் அறிக்கையைப் படிக்கும் இந்த முறை தலைகீழ். அப்போது முதலில் மழையைப் பாருங்கள். குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்கு முகம். வடகிழக்கு மழை நேரே வந்து மோதுவது அங்கேதான். 2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேர மழையில் கேத்தியில் மட்டும் 82 சென்டிமீட்டர். மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆகவே கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் வாரத்தில் உறைபனியைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் சுவரையும் வடிகாலையும் பாருங்கள். வானம் தெளிந்த பிறகு இந்தப் பக்கம் திரும்பலாம்.

அறிக்கையில் ஐந்து, புல்லில் பூஜ்ஜியம்

நான் முதன்முதலாகப் பள்ளத்து நிலத்தில் நீர்போகத்துக்கு, அதாவது ஓடைத் தண்ணீரை நம்பிய பனிக்காலப் போகத்துக்கு, உருளை போட்ட வருடம். நாற்பது நாள் பயிர், நல்ல வளர்ச்சி. கைப்பேசியில் இருந்த ஒரு வானிலைச் செயலி அன்றிரவு ஆறு டிகிரி என்று காட்டியது. சாயங்காலம் களை எடுத்துவிட்டுக் கிளம்பிய அக்கா ஒருவர் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தார். நாற்பது வருடமாக அந்தப் பள்ளத்தில் வேலை செய்தவர்.

“தம்பி, மேகம் ஒரு பொட்டு இல்ல. காத்தும் நின்னுபோச்சு. இன்னிக்கு மூடிடுங்க.”

“ஆறு டிகிரின்னு போட்டிருக்குக்கா. ஆறுல உறையாது.”

“அது எந்த இடத்துக்குப் போட்டது? நம்ம பள்ளத்துக்கா?”

நான் மூடவில்லை. காலையில் இலைகள் கண்ணாடித் தகடுபோல விறைத்து நின்றன. தொட்டால் சிலிர்க்கும் அழகு. வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் வெந்த கீரைபோலத் தொங்கின. மதியத்துக்குள் பாத்தி முழுக்கக் கறுப்பு, கூடவே அழுகல் வாடை. செயலி பொய் சொல்லவில்லை. அன்று உதகை நிலையத்தில் கிட்டத்தட்ட அதே அளவுதான் பதிவாகியிருந்தது. அக்கா கேட்ட கேள்வியை நான் கேட்கத் தவறியதுதான் பிழை.

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று உயரம். வானிலை நிலையத்தில் வெப்பமானி ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். உலகம் முழுக்க ஏறக்குறைய அதே முறைதான், ஒப்பிட வசதியாக. ஆனால் கேரட் இலை நாலடி உயரத்தில் இல்லை. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய புல் நுனி அந்தப் பெட்டியைவிட 3 முதல் 5 டிகிரி அதிகம் குளிர்ந்துபோகும். அதனால்தான் குறைந்தபட்சம் 4 டிகிரி என்று பதிவான காலையில்கூட உதகையின் பழைய குதிரைப் பந்தய மைதானம் வெள்ளையாகக் கிடக்கிறது. உதகையில் ஜனவரியின் சராசரிக் குறைந்தபட்சமே 6 டிகிரியை ஒட்டியதுதான். அப்படியானால் சராசரியான ஓர் இரவு கொஞ்சம் தெளிந்து, கொஞ்சம் காற்று ஓய்ந்தாலே போதும்.

இன்னொரு பதில் இடம்.

குளிர் ஓடும் வழி

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து அது தண்ணீர்போல இறங்கும், ஆனால் தண்ணீரைவிட மெதுவாக, தேன் வழிவதுபோல. பள்ளத்தில் தேங்கும். ஒரு வேலி, அடர்ந்த புதர், சாலைக்காகப் போட்ட மண் கரை எது குறுக்கே நின்றாலும் அதன் மேல்பக்கத்தில் குட்டைபோல நிறையும். பகலில் மேலே போகப் போகக் குளிர் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். நூறு மீட்டருக்கு முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக. உறைபனி இரவில் இந்தக் கணக்கு புரண்டுவிடும். பள்ளம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது முப்பது மீட்டர் மேலே உள்ள சரிவு மூன்று நான்கு டிகிரி சூடாக இருக்கலாம். உதகை 2,240 மீட்டர். அதைவிட ஏறத்தாழ நானூறு மீட்டர் உயர்ந்து நிற்கும் தொட்டபெட்டா உச்சியைவிட, கீழே உள்ள தலைகுந்தா தாழ்வெளி முதலில் வெளுப்பதைப் பேருந்து ஓட்டுநர்கள்கூடச் சொல்வார்கள்.

மலையே இதை எழுதி வைத்திருக்கிறது. மேட்டுநிலப் புல்வெளியில் சோலைக்காடுகள் ஏன் மடிப்புகளுக்குள் மட்டும் நிற்கின்றன, ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை என்று வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938இல் எழுதிய கட்டுரையில் உறைபனியை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினார். திறந்த புல்லில் முளைக்கும் சோலைக் கன்றை அது கொன்றுவிடுகிறது. மரக்கூரைக்குக் கீழே முளைப்பது பிழைக்கிறது. அதற்குப் பிறகு தீ, மேய்ச்சல், மண் என்று வேறு காரணங்களும் விவாதத்தில் சேர்ந்தன. ஆனால் கூரைக்குக் கீழே பிழைக்கும் என்ற செய்தி நமக்கு நேரடியாக உதவும். தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் பனிக்காலத்தில் கூரை வேலையும் செய்கின்றன. மார்கழியில் அவற்றைக் கவாத்து செய்து மொட்டையாக்குவது கூரையைப் பிரித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். ஆனி ஆடி மழைக்கு முன்னால் வெட்டிக்கொள்ளுங்கள்.

படுகர்களின் ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் சரிவில், பள்ளத்துக்கு மேலே எழும்பியே அமைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பள்ளத்தை அவர்கள் தண்ணீருக்கும் பயிருக்கும் விட்டார்கள். நீர்போகம் அங்கேதான் நடக்கும், ஏனென்றால் தை மாசியில் ஓடைத் தண்ணீர் அங்கே மட்டும்தான். ஆக, பனிக்காலப் பயிரும் குளிர்க் குட்டையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இதை மாற்ற வழியில்லை. குட்டையின் கரை எது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உறைபனி விழுந்த ஒரு காலை, வெயில் படுவதற்கு முன், ஒரு கட்டு மூங்கில் குச்சியோடு நிலத்தைச் சுற்றுங்கள். வெள்ளை எங்கே முடிகிறதோ அங்கே குச்சியை நடுங்கள். மூன்று காலைகளில் உங்கள் நிலத்தின் உறைபனி எல்லை கண்ணெதிரே நிற்கும். குச்சிக்குக் கீழே உருளையும் பீன்ஸும் வேண்டாம். முட்டைக்கோஸ், பூண்டு, கேரட் கொஞ்சம் தாங்கும். மேலே எது வேண்டுமானாலும் போடலாம்.

நோட்டுப் புத்தகம்

சந்தையில் கிடைக்கும் சாதாரணக் குறைந்தபட்ச வெப்பமானி மூன்று வாங்குங்கள். ஒன்று பள்ளத்தின் அடியில், ஒன்று குச்சி எல்லையில், ஒன்று மேல் சரிவில். பயிரின் உயரத்தில், முளையில் கட்டுங்கள். சுவரிலோ மரத்திலோ மாட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் காட்டும். தினமும் காலை ஒரு வரி எழுதுங்கள்: அறிக்கையில் உதகைக்கு எவ்வளவு, என் பள்ளத்தில் எவ்வளவு, வானம் எப்படி இருந்தது, காற்று இருந்ததா.

இருபது இரவுக்குள் ஒரு வித்தியாசக் கணக்கு பிடிபடும். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: மேகமூட்டமான இரவுகளில் அறிக்கைக்கும் உங்கள் பள்ளத்துக்கும் ஒன்று அல்லது இரண்டு டிகிரிதான் வித்தியாசம் வரும், தெளிந்து காற்று ஓய்ந்த இரவுகளில் ஆறு. இது தெரிந்த பிறகு ‘குறைந்தபட்சம் 7 டிகிரி’ என்ற அறிவிப்பு உங்களுக்கு இரண்டு விதமாகப் பொருள்படும். மேகம் இருந்தால் 5, தூங்கலாம். தெளிவாக இருந்தால் 1, மூட வேண்டும். செலவு சில நூறு ரூபாய். இந்த வித்தியாசக் கணக்கை எந்தச் செயற்கைக்கோளும் உங்களுக்குத் தரப்போவதில்லை.

ஒரு நுணுக்கம். நிலையங்கள் காலை 8.30 மணிக்குக் குறித்துக்கொள்கின்றன. அவர்களுடைய ‘24 மணி நேரம்’ காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30வரை. ஆகவே புதன்கிழமை அறிக்கையில் பதிவான குறைந்தபட்சம் செவ்வாய் இரவு விடிந்த குளிர். தேதியை மாற்றி எழுதிவிட்டால் கணக்கு முழுக்கப் பிசகும். தொடக்கத்தில் எல்லாரும் இதில் தடுக்குகிறார்கள்.

ஒரு வாரத்தை எப்படி நகர்த்துவது

வாரம் முழுவதற்கும் ஒரே அளவு நம்பிக்கை வைக்க முடியாது. முதல் மூன்று நாள் முன்னறிவிப்பு கெட்டி. நான்காம் ஐந்தாம் நாள் போக்கைச் சொல்லும். ஆறும் ஏழும் மெல்லிய கோடு. கடலில் ஒரு சுழற்சி அரை நாள் முன்னே பின்னே நகர்ந்தால் அந்தக் கோடு அழிந்துவிடும். இதனால் முன்னறிவிப்பு பயனற்றது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேலைகளையும் அதேபோலப் பிரித்துக்கொண்டால் சிக்கல் இல்லை. நாள் பிடிக்கும் வேலையை மெல்லிய கோட்டை வைத்துத் தொடங்குங்கள், ஏனென்றால் அது தவறினாலும் நஷ்டம் குறைவு. செடியை மூடும் வேலையை மட்டும் அன்று மாலை நான்கு மணிக்கு முடிவு செய்யுங்கள்.

மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் வரும். அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று, மேகம் எல்லாம் அதில் உண்டு. மேக்தூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். பெரும்பாலானவர்கள் வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மேகம் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். அது எட்டில் எத்தனை பங்கு வானம் மூடியிருக்கும் என்று சொல்லும். எட்டு என்றால் முழு மூட்டம், பூஜ்ஜியம் என்றால் பளிங்கு வானம். அந்த எண் 6, 5, 2, 0, 0 என்று இறங்கினால் வாரக் கடைசியில் உறைபனி காத்திருக்கிறது.

பனிக்காலத்தில் அடிக்கடி அமையும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அறிக்கை இலங்கையை ஒட்டி ஒரு தாழ்வுப் பகுதியைச் சொல்கிறது. சனியும் ஞாயிறும் மேகம், கிழக்குச் சரிவில் தூறல், குன்னூர்ப் பக்கம் மூடுபனி. இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாது. இந்த இரண்டு நாளில் ஆட்களைச் சொல்லி வையுங்கள், கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டிக் கொண்டுவாருங்கள். உதகை தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மூட ஆண்டுதோறும் பயன்படுத்தும் அதே மிலார்தான். காய்ந்தாலும் இலை உதிராமல் தாங்கும், காற்றும் போய்வரும். தழைச்சத்து உரம் இப்போது போடாதீர்கள். அது இளந்தளிரைத் தள்ளும். தளிர்தான் முதலில் கருகும்.

திங்களன்று தாழ்வு அரபிக்கடல் பக்கம் நகர்ந்துவிட, மதியத்தில் வானம் பிளந்து நீலம் தெரிகிறது. பலர் அன்றிரவே பதறி மூடுவார்கள். மண் இன்னும் ஈரம், காற்றிலும் ஈரம். இரவில் நீர்ப்பனிதான் கொட்டும். நீராவி பனித்துளியாகும்போது வெப்பத்தை விடும். அந்த வெப்பம் செடியைக் காப்பாற்றும். செவ்வாய், வடகிழக்குக் காற்று இலையை அசைத்துக்கொண்டே இருக்கிறது. அது மேலே உள்ள இளஞ்சூட்டைக் கீழே கலக்கிவிடும். ஈரம் மட்டும் மெல்ல மெல்லக் காய்கிறது. புதன் மாலை காற்று நின்றுவிடுகிறது. புகைபோக்கியிலிருந்து எழும் புகை நேராக மேலே போய், வீட்டுக்கூரைக்குச் சற்று மேலே தட்டையாகப் படர்கிறது. அதைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. சூடான காற்று மூடிபோல மேலே உட்கார்ந்துவிட்டது, குளிர் கீழே சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். புதன், வியாழன், வெள்ளி மூன்று இரவும் உறைபனி, அதிலும் மண் காயக் காய மூன்றாவதுதான் மோசமானது.

புகையைத் தவிர நான்கு மணிக்கு நான் பார்க்கும் இன்னொன்று பனிநிலை. காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது, செயலிகள் காட்டும். ஈரப்பதச் சதவீதத்தைவிட இது நேர்மையான எண், ஏனென்றால் சதவீதம் வெயிலோடு ஏறி இறங்கும், பனிநிலை மாலையிலிருந்து விடியல்வரை அதிகம் மாறாது. மாலைப் பனிநிலை 8 அல்லது 9 என்றால் குளிர் அங்கே வந்ததும் பனித்துளி கொட்டி வேகம் குறையும். 3 டிகிரிக்குக் கீழே, வானம் தெளிவு, காற்று இல்லை என்றால் என் பள்ளத்தில் யோசிக்காமல் மூடுவேன். நிலா பளிச்சென்று இருந்தால் உறைபனி வரும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குதான். நிலா எதையும் செய்வதில்லை. மேகம் இல்லாததால்தான் பளிச்சென்று தெரிகிறது.

மார்கழி தையில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி வெறுங்காலில் நடப்பவர்கள் பேரகணிக்குப் போகும் நாட்களும் இதே வாரங்களில் விழும். வீட்டில் வயதானவர்கள் அதிகாலையில் நடக்கக் கிளம்பினால் மேகக் கட்டத்தை அவர்களுக்காகவும் ஒருமுறை பாருங்கள்.

மூடும் இரவும் விடியலும்

மதியமே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமான, இறுகிய, களையில்லாத மண் பகல் வெப்பத்தை ஆழமாக வாங்கி இரவில் மெல்ல விடும். கொத்திவிட்ட புதுமண்ணும் உலர்ந்த வைக்கோல் பரப்பும் அதைத் தடுக்கும். கோடையில் நன்மை செய்யும் அதே மூடாக்கு இங்கே கேடு. வெயில் சாயும் முன், மண்ணில் சூடு இருக்கும்போதே, மூடி முடிக்க வேண்டும். இருட்டிய பிறகு மூடுவது காலி அடுப்பை மூடுவதுபோல. பிளாஸ்டிக் தாள் மட்டும் இருந்தால் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். தாள் இலையைத் தொடும் இடத்தில் உறைபனி தாளின் வழியாகவே சுடும். சாக்கு, மிலார், தென்னை ஓலை இவற்றில் அந்தத் தொல்லை குறைவு.

புகை மூட்டம் போடுவதை நம்புகிறவர்கள் நிறைய. மேகம் செய்யும் வேலையைப் புகை செய்யாது. அதன் துகள்கள் மண்ணின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் அளவு பெரியவை அல்ல. நெருப்பின் சூடு பக்கத்தில் இருக்கும் நாலு செடிக்கு உதவும், அவ்வளவே. தை பிறந்தால் உறைபனியில் காய்ந்த புல் தீக்குச்சிக்குக் காத்திருக்கும். அந்த நெருப்பு வேண்டாம்.

தெளிப்பான் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் விடும். அதுதான் செடியைக் காக்கிறது. இடைவிடாமல் நனைந்துகொண்டே இருந்தால் இலையின் வெப்பம் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. நடு இரவில் தொடங்கி மூன்று மணிக்கு மின்சாரம் போய் மோட்டார் நின்றால், நனைந்த இலை நனையாத இலையைவிட மோசமாகக் குளிரும். விடியும்வரை ஓட்ட முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் இரவில் தொடங்குங்கள். இல்லையென்றால் விடியலில், வெயில் வருவதற்கு அரைமணி முன்னால் ஓட்டி உறைபனியைக் கழுவிவிடுவது போதும். மலையில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். கிழக்கு பார்த்த நிலங்களுக்கு இது கட்டாயம். முதல் வெயில் நேராக அடிக்கும்போது இலை விழித்துத் தண்ணீர் கேட்கும், உறைந்த தண்டால் கொடுக்க முடியாது. மெல்ல உருகும் மேற்குச் சரிவில் அதே உறைபனிக்குச் சேதம் குறைவு.

வீட்டுக்குள் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், அதை அழுத்திச் சொல்கிறேன். கரி நெருப்புச் சட்டியைக் கதவு சாத்திய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; விழிக்கவும் விடாது. மலையில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. தங்க வரும் விருந்தினருக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் தெரிந்திருக்காது. சாலையைப் பொறுத்தவரை, உறைபனி வாரத்தில் கல்லட்டிப் பாதை தெளிவாகவே இருக்கும். மழை வாரத்தில் குன்னூர்ப் பாதையின் மூடுபனிதான் கவனம் கேட்கும்.

உறைபனி விழுந்தே விட்டால் கத்தியை எடுக்காதீர்கள். கருகிய தேயிலைத் தளிர் பார்க்கச் சகிக்காது, வெட்டித் தள்ளக் கை துறுதுறுக்கும். ஆனால் கருகிய இலையே கீழே உள்ள உயிருள்ள கிளைக்கு அடுத்த இரவின் கூரை. உறைபனி வாரம் இன்னும் முடியவில்லை. செடிக்கு ஒரு துணித்துண்டு கட்டி அடையாளம் வையுங்கள். மாசிக் கடைசியில், இரவுகள் இளகியபின், நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரியும் இடம்வரை செடி உயிரோடு இருக்கிறது. அதற்கு மேலே வெட்டுங்கள். உருளையும் பீன்ஸும் அப்படிக் காத்திருக்காது, கறுத்தால் போனதுதான்; அந்தப் பாத்தியைப் புரட்டிவிட்டுக் குச்சியை இன்னும் இரண்டடி மேலே நகர்த்தி நடுங்கள்.

காலை எட்டரைக்கு மூடியதைத் திறந்துவிடுங்கள். மூன்று வெப்பமானிகளையும் பார்த்து எழுதுங்கள். இன்று வெள்ளி என்றால் மாலைக்குள் புதிய அறிக்கை வந்துவிடும்.